நாணயம் சுண்டிய கோப்பை

மல்லேஸ்வரம்: பெங்களூர்க் கால்பந்து ரசிகர்கள் 2023-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி இரவை அவ்வளவு எளிதில் மறந்துவிட முடியாது. கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசிய சாம்பியன் பட்டத்துக்காக இந்தியாவும் குவைத்தும் மோதின. ஆளுக்கு ஒரு கோல். பெனால்டி உதைக்குப் போனது. அதிலும் 4-4. ஆறாவது உதையில் இந்தியாவுக்கு மகேஷ் சிங் கோல் போட, எதிரணியின் உதையைக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் பாய்ந்து தட்டிவிட, ஸ்டேடியமே எழுந்து நின்றது. வேலை முடிந்து மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனவர்களுக்கு அன்று டிக்கெட் காசு வீண் போகவில்லை.

அதே தெற்காசிய கால்பந்து சம்மேளனம் ஏழு மாதம் கழித்து டாக்காவில் ஒரு போட்டி நடத்தியது. ஆடியவர்கள் 19 வயதுக்குட்பட்ட பெண்கள். அந்த இறுதி ஆட்டமும் 1-1. அதுவும் பெனால்டி உதைக்குப் போயிற்று. ஆனால் அங்கே முடிந்த விதம் வேறு. கால்பந்து உலகில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே கைவிட்ட ஒரு வழக்கம் அன்று டாக்காவில் திடீரென்று உயிர் பெற்று வந்தது.

பதினொன்றுக்குப் பதினொன்று

போட்டியில் மொத்தம் நான்கு நாடுகள். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான். லீக் ஆட்டங்களில் இந்தியப் பெண்கள் பூடானுக்கு எதிராக 10 கோல், நேபாளத்துக்கு எதிராக 4 கோல் போட்டார்கள். ஆனால் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றிருந்தார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் சாகரிகா என்ற பெண். தாக்கூர்காவ் மாவட்டத்தில் டீக்கடை நடத்துபவரின் மகள். பெண் பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு பந்து விளையாடுவதா என்று ஆரம்பத்தில் வீட்டில் எதிர்ப்பு இருந்ததாம். (இந்த வசனத்தை நம் வீடுகளில் கேட்காதவர்கள் கையைத் தூக்கலாம்!)

இறுதி ஆட்டம் 2024 பிப்ரவரி 8-ந் தேதி, கமலாப்பூர் ஸ்டேடியத்தில். 8-வது நிமிடத்திலேயே சிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தார்கள். 90 நிமிடமும் முடிந்து, நடுவர் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அதே சாகரிகா பந்தை வலைக்குள் தள்ளினார். கோப்பையைத் தொட்டுவிட்ட கை வெறுங்கையாய்த் திரும்பிய மாதிரி ஆயிற்று இந்தியாவுக்கு.

பெனால்டி தொடங்கியது. முதல் ஐந்து உதைகளில் இரு பக்கமும் தவறவில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது. இல்லை. கடைசியில் கோல்கீப்பர்களே வந்து உதைத்தார்கள். அவர்களும் தவறவில்லை. 11-11! பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் இருபத்திரண்டு பேர், கொதிக்கும் கூட்டத்துக்கு நடுவில், ஒருவர் கூடப் பந்தை வெளியே அடிக்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக மைசூர் அணி வீரர் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டும், கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்ற அணி நம்முடையது. அதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பெண்களின் நெஞ்சுறுதி விளங்கும்.

பூவா, தலையா?

இனி என்ன செய்வது? விதிப் புத்தகம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அணியிலுள்ள எல்லோரும் ஒரு முறை உதைத்து முடித்த பின் இரண்டாவது சுற்று ஆரம்பமாக வேண்டும். வரிசையை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு பக்கம் தவறி மறு பக்கம் கோல் போடும் வரை உதைக்க வேண்டியதுதான். நடுவரும் அதற்கே தயாரானார்.

அப்போதுதான் போட்டிக்குக் கமிஷனராக இருந்த அதிகாரி குறுக்கிட்டார். டாஸ் போட்டு முடிவு செய்யலாம் என்றார். இரு காப்டன்களும் வந்து நின்றார்கள். நாணயம் மேலே போயிற்று, கீழே விழுந்தது. இந்தியா ஜெயித்தது என்று அறிவித்தார்கள். நம் பெண்கள் துள்ளிக் குதித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு நகர மறுத்து நின்றார்கள். கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன.

நிற்க. டாஸ் போட்டுக் கோப்பை கொடுப்பது புதிதல்ல. 1968-ல் நேப்பிள்ஸ் நகரில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0-0 என்று முடித்தபோது நாணயம்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பியது. அதே வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பல்கேரியாவுடன் சமநிலையில் முடித்த இஸ்ரேல் குலுக்கலில் வெளியேறியது. அந்த அநியாயத்தைப் பார்த்து மனம் கொதித்த இஸ்ரேல்காரர் ஒருவர்தான் பெனால்டி உதை யோசனையை எழுதி அனுப்பினார். 1970-ல் அது சட்டமாயிற்று. இன்று டாஸ் என்பது எந்தப் பக்கத்துக் கோலில் உதைப்பது, யார் முதலில் உதைப்பது என்பதற்கு மட்டும்தான்.

ஆக, டாக்காவில் நடந்தது விதியில் இல்லாத உத்தரவு. ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் ஆணை வரும். அதை நம்பிக் காகிதம் நகர்ந்துவிடும். பிறகு விதிப்படி செல்லாது என்பார்கள். கையெழுத்துப் போட்டவன் தலைமேல் விழும். லைன் கிளியர் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு, பாதி வழியில் பின்னுக்கு வா என்றால் டிரைவர் என்ன செய்வார்?

அதுவேதான் நடந்தது. கமிஷனர் தவறை ஒப்புக்கொண்டு டாஸை ரத்து செய்தார். மறுபடி வந்து உதையுங்கள் என்று இந்தியாவை அழைத்தார். அதற்குள் இந்திய அணி மைதானத்தை விட்டுப் போயிருந்தது. கொடுத்த பட்டத்தை எப்படித் திருப்பிக் கேட்கலாம் என்பது இந்தியாவின் வாதம். விதியில் இல்லாத டாஸ் எப்படிச் செல்லும் என்பது வங்கதேசத்தின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. இந்தியா திரும்பி வந்து உதைத்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பாட்டில் விழுந்த மைதானத்துக்குப் பெற்ற பெண்ணை மறுபடி அனுப்புவீர்களா என்று கேட்டால் அவர்களிடம் பதில் வராது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இழுபறி. கடைசியில் இரு நாடுகளும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவிப்பு வந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் அதை ஏற்றுக்கொண்டது.

கோப்பையால் என்ன ஆகும்?

இந்த இரு அணிகளுக்குள் கணக்கு வழக்கு பழையது. 2018, 2019 இரண்டு வருஷமும் பூடானின் திம்புவில் 15 வயதுக்குட்பட்டோர் கோப்பையை வங்கதேசத்தை வீழ்த்தி இந்தியா எடுத்தது. 2021 டிசம்பரில் டாக்காவில் 19 வயதுக்குட்பட்டோர் இறுதியில் 0-1 என்று இழந்தது. அடுத்த மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கடைசி ஆட்டத்தை வங்கதேசத்திடம் தோற்றும், கோல் கணக்கில் முந்தியதால் இந்தியாவே சாம்பியன். அங்கேயாவது கூட்டல் கழித்தல் உதவியது.

ஒரு கோப்பைக்காக இத்தனை கலாட்டாவா என்று கேட்கலாம். ரெயில்வே, போலீஸ், பாங்கு என்று எங்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டாலும் எந்தச் சர்வதேசப் போட்டி, எத்தனையாவது இடம் என்று கேட்கிறார்கள். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஒரு வரிதான் சொத்து. கடலூர் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடி, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். கடலூர் அரசு விடுதியில் தங்கிப் படித்த சந்தியா ரங்கநாதன் தேசிய அணியின் முன்வரிசையில் ஆடினார். இப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்துதான் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாட்டைத் தேசியச் சாம்பியன் ஆக்கினார்கள். 2023-ல் அமிர்தசரசில் மறுபடியும். மதுரை சேது அணி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. மறு வருஷம் நடப்புச் சாம்பியனாக அது ஆட வந்த இடம் நம் அசோக் நகர் கால்பந்து மைதானம். டிக்கெட்டுக்கு அடிதடி இல்லாத ஆட்டங்கள் அவை. போய்ப் பார்த்த தமிழர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

டாக்காவுக்குப் பின்

டீக்கடைக்காரர் மகள் சாகரிகா அதோடு நிற்கவில்லை. 2025 ஜூலையில் அதே டாக்காவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் தெற்காசியப் போட்டியில் நேபாளத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் வங்கதேசம் 4-0 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. நான்கு கோலும் அவருடையவை. இந்தியா அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை.

அடுத்த மாதம் இந்திய 20 வயதுக்குட்பட்ட அணி பர்மாவின் ரங்கூனுக்கு, இப்போதைய பெயரில் யாங்கூனுக்கு, ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களுக்காகப் போயிற்று. கடைசி ஆட்டம் சொந்த மண்ணில் ஆடிய மியான்மருடன். 27-வது நிமிடத்தில் பூஜா என்ற பெண் போட்ட ஒரே கோலில் இந்தியா ஜெயித்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு இந்த வயதுப் பிரிவில் ஆசியக் கோப்பைக்கு இடம் கிடைத்தது. டாஸ் இல்லை, பெனால்டி இல்லை. அதே ஆகஸ்டில் லாவோஸில் நடந்த இன்னொரு பிரிவு ஆட்டங்களிலிருந்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளில் ஒன்று, வங்கதேசம்.