உங்க மனைக்கு அடியில என்ன மண்? கொரட்டூர் களிமண்ணைப் படிக்கிறது எப்படி

இன்னைக்கு எபிசோடுல நாம பேசப்போறது மண்ணைப் பத்தி. கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கம் நம்ம காலுக்குக் கீழ இருக்கிற களிமண்.

மனை வாங்கும்போது பட்டா பார்க்கிறோம், ரோடு அகலம் பார்க்கிறோம், ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு கேட்கிறோம். "இது என்ன மண்?"னு கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. ஆனா சுவர்ல விரிசல் வருமா, மழைத்தண்ணி உள்ள இறங்குமா, இல்ல வாசல்லயே நிக்குமா, இந்தக் கேள்விகளுக்கான பதில்ல பெரிய பங்கு மண்ணுக்குத்தான்.

ஏரியைப் பார்த்தா மண் தெரியும்

முதல்ல மேப்பைத் திறங்க. அம்பத்தூர் ஏரி, அங்கேருந்து வடகிழக்கா கொரட்டூர் ஏரி, அதைத் தாண்டி ரெட்டேரி. ஒண்ணு நிரம்பினா உபரித் தண்ணி அடுத்ததுக்குப் போற மாதிரி அமைஞ்ச வரிசை இது. இந்த ஏரிகள் எதுவும் ஆழமான பள்ளம் கிடையாது. லேசான சரிவுல, தண்ணி ஓடுற திசைக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கினது.

இதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. அடியில மணலா இருந்திருந்தா இப்படி ஒரு ஆழமில்லாத ஏரியில தண்ணி நிக்கவே நிக்காது, கீழ இறங்கிடும். பல மாசம் நிக்குதுன்னா, அடியில தண்ணியை விடாத ஒரு படுகை இருக்குன்னு அர்த்தம். அதாவது களி.

ஏரி களியைச் சேர்க்கவும் செய்யும். மழைத்தண்ணி மண்ணை அடிச்சிட்டு வரும்போது கனமான மணல் வழியிலேயே தங்கிடும். ரொம்ப நுண்ணிய துகள் மட்டும் கடைசி வரைக்கும் மிதந்து வந்து, தண்ணி அசையாம நிக்கிற இடத்துல படியும். வருஷா வருஷம் இது நடக்கும். கோடையில ஏரி வண்டலை எடுத்து விவசாயிங்க வயலுக்கு அடிக்கிறது இதனாலதான். கரைக்குக் கீழ இருந்த ஆயக்கட்டுல நெல் விளைஞ்சதும் இதே காரணம்தான். வயல்ல தண்ணி கட்டி நிறுத்த களி வேணும். அந்த வயல்கள்தான் இன்னைக்கு நிறைய இடத்துல நகர்களா, அடுக்குமாடிகளா மாறியிருக்கு.

இப்போ மேப்பைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. வடக்கே செங்குன்றம். பேர்லயே நிறம் இருக்கு. மழை பல லட்சம் வருஷமா கரைச்சதுபோக இரும்பும் அலுமினியமும் மிஞ்சின சிவப்பு மண், செம்பாறை. இதுக்கு லேட்டரைட்னு 1807-ல பேர் வச்சவர் பிரான்சிஸ் புக்கானன். கேரளாவுல அங்காடிப்புறத்துல பார்த்து வச்ச பேர். இன்னும் வடக்கே போனா கொசஸ்தலை ஆறு, அதை ஒட்டி மணல் படுகை. தாமரைப்பாக்கம், மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகள்லேருந்து சென்னைக்குக் குடிநீர் எடுக்க முடிஞ்சது அந்த மணலாலதான். கிழக்கே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடற்கரை மணல். நடுவுல தட்டையா, தாழ்வா இருக்கிற இடம் நம்மளது.

ஆக, மேட்டுல சிவப்பு, ஆறும் கடலும் தொட்ட இடத்துல மணல், தண்ணி தேங்குற தட்டையில களி. இது தோராயக் கணக்குதான், தெருவுக்குத் தெரு மாறும். ஆனா நிலத்தோட அமைப்பைப் பார்த்தே மண்ணை ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஏரியாவுல மனையை உயர்த்த லாரி லாரியா சவுடு அடிப்பாங்க. மேல செக்கச்செவேல்னு இருக்கும். அது வேற ஊர்லேருந்து வந்த மண். உண்மையான மண் அதுக்குக் கீழ இருக்கு. அதனால சவுடைத் தாண்டித் தோண்டி எடுத்த மண்ணைத்தான் பார்க்கணும்.

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி விவரிக்கணும்

மண் ஆய்வு செய்றவங்க முதல்ல பேர் சொல்ல மாட்டாங்க. நிறம், துகள், பிசுக்கு, விரிசல்னு ஒவ்வொண்ணா எழுதுவாங்க. அதுல மூணு விஷயத்தை வீட்லயே பண்ணலாம்.

ஒண்ணு, நாடா. மண்ணை சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு நாடா மாதிரி வெளிய தள்ளுங்க. 2.5 சென்டிமீட்டர் வர்றதுக்குள்ள உடைஞ்சா களி குறைவு. 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் உடையாம வந்தா நல்ல களி.

ரெண்டு, பாட்டில். கால் பாட்டில் மண், மீதி தண்ணி, நல்லா குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காந்திடும். வண்டல் சில மணி நேரத்துல. களி மறுநாளும் தண்ணியைக் கலங்கலாவே வச்சிருக்கும். காரணம் அளவு. களித் துகள்னா 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது.

மூணு, நிறம். மண்ணுல இருக்கிற இரும்புக்குக் காத்து கிடைச்சா துரு நிறம் வரும். தண்ணி நிறைஞ்சு காத்து இல்லாம போனா அந்தத் துரு கரைஞ்சு மண் சாம்பலாகும். சாம்பல் மண்ணுல அங்கங்க துருப் புள்ளி இருந்தா, அங்க தண்ணி மட்டம் ஏறி இறங்குதுன்னு அர்த்தம். யாரும் எழுதி வைக்காத வெள்ளக் கணக்கை மண் தானே எழுதி வச்சிருக்கு.

இதோட மே மாசம் காலி மனையில விரிசல் விழுதான்னும் பாருங்க. விரிசல் விழற களிக்குள்ள பெரும்பாலும் இருக்கிற கனிமத்துக்கு மாண்ட்மோரில்லோனைட்னு பேர். அடுக்கி வச்ச அப்பளம் மாதிரி நினைச்சுக்கோங்க. தண்ணி வந்தா அடுக்குகளுக்கு நடுவுல புகுந்து விலக்கும், மண் வீங்கும். காய்ஞ்சா சுருங்கும். எல்லாக் களியும் இப்படி இல்லை. கயோலினைட்னு இன்னொண்ணு இருக்கு, அது பெருசா வீங்காது. அதனால "களிமண்"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் பத்தாது.

ஒரே மண், மூணு பேர்

மண்ணியல் ஆளுங்க கேட்கிறது: இது எப்படி உருவாச்சு, எப்படி நடந்துக்குது? குறைஞ்சது 30 சதவீதம் களி, பருவத்துக்குப் பருவம் திறந்து மூடுற விரிசல், ஒண்ணோட ஒண்ணு உரசி வழவழப்பான பரப்பு, இதெல்லாம் இருந்தா அவங்க வச்ச பேர் வெர்ட்டிசால். லத்தீன்ல 'புரட்டு'ன்னு பொருள்படுற சொல்லுலேருந்து வந்தது. விரிசல் வழியா மேல் மண் கீழ விழுந்து, மண் தன்னைத்தானே புரட்டிக்குது. நம்ம தென்மாவட்டத்துக் கரிசல் இந்தக் குடும்பம்தான். ஏரிக்கரைக் களி எல்லாமே இதுல வராது. இந்த அடையாளங்கள் இருந்தாதான் வரும்.

கட்டட இன்ஜினியர் கேட்கிறது: இது மேல எது நிக்கும்? அவங்க கையில இருக்கிறது ஐஎஸ் 1498. எவ்வளவு தண்ணி சேர்ந்தா மண் உருவம் இழந்து ஓட ஆரம்பிக்குதுங்கிற அளவுக்கு திரவ வரம்புன்னு பேர். அது 35 சதவீதத்துக்குக் கீழன்னா சிஎல், 35லேருந்து 50 வரைக்கும் சிஐ, 50க்கு மேல சிஎச். மண் ரிப்போர்ட்டுல சிஎச்-ன்னு பார்த்தா உஷாராகிடுங்க.

மூணாவது, வருவாய்த்துறை. அவங்க அந்தக் காலத்துல கேட்டது: இதுக்கு எவ்வளவு தீர்வை? தமிழ்நாட்டு 'அ' பதிவேட்டுல "மண் வயனமும் ரகமும்"னு ஒரு கட்டம் இருக்கும், பக்கத்துலயே மண் தரம், பாசன ஆதாரம். உங்க சர்வே எண்ணுக்குப் பழைய பதிவேடு கிடைச்சு, அதுல நஞ்சை, ஏரிப் பாசனம்னு இருந்தா, அந்த நிலம் களியா இருக்க வாய்ப்பு அதிகம்னு ஆபீஸ்ல உக்காந்தே புரிஞ்சுக்கலாம்.

சரி, இதனால நமக்கு என்ன?

முதல் விஷயம் அஸ்திவாரம். நம்ம ஊர்ல மழை பெரும்பாலும் அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் கொட்டி, அப்புறம் மாசக்கணக்குல காயும். வீங்குற களியில மேலாப்ல உக்காந்த அஸ்திவாரம் வருஷா வருஷம் ஏறி இறங்கும். வீடு முழுக்க ஒரே அளவு ஏறினா பிரச்சனை இல்லை. ஒரு மூலையில குழாய் கசியும், இன்னொரு மூலையில மரம் தண்ணியை உறிஞ்சும். அப்போதான் ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா விரிசல் கிளம்பும். இதுக்கு ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த தீர்வுதான் அண்டர் ரீம்டு பைல். மண் அசையுற ஆழத்தைத் தாண்டிக் கீழ போய், அடியில குமிழ் மாதிரி அகலமாகி நங்கூரம் போடும்.

வீங்குமா வீங்காதான்னு கண்டுபிடிக்கிற லேப் டெஸ்ட் ரொம்ப எளிமையானது. 10 கிராம் காய்ஞ்ச மண் ஒரு ஜாடித் தண்ணியில, இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெய்ல. 24 மணி நேரம். மண்ணெண்ணெய்ல களி வீங்காது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீக்கத்தோட அளவு. மண் பரிசோதனை செய்ற இடத்துல "ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட்" வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க.

ரெண்டாவது விஷயம் மழைநீர் சேகரிப்பு. 2003-லேருந்து தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம். ஆனா மணலுக்கும் களிக்கும் தண்ணி இறங்குற வேகத்துல லட்சம் மடங்குக்கு மேல வித்தியாசம் இருக்கலாம். திருவான்மியூர்ல மூணடிக் குழி வெட்டி ஜல்லி போட்டா தண்ணி மறைஞ்சிடும். அதே குழியைக் களியில வெட்டினா அது தொட்டி. முதல் மழையில நிரம்பி, அடுத்த மழைக்கு வழியும். சட்டப்படி எல்லாம் சரியா இருக்கும், ஒரு சொட்டுகூட கீழ போயிருக்காது. களியில மூணு வழி: களி அடுக்கைத் தாண்டிப் போற ஆழமான உறை கிணறு, இல்லன்னா ஏற்கெனவே இருக்கிற கிணத்துக்கே வடிகட்டித் திருப்பி விடுறது, அதுவும் இல்லன்னா மொட்டைமாடித் தண்ணியை சம்ப்ல பிடிச்சுப் பயன்படுத்துறது.

அடுத்த தடவை மனையோ ஃபிளாட்டோ பார்க்கப் போனா மூணு கேள்வி கேளுங்க. சவுடு எத்தனை அடி, அதுக்குக் கீழ என்ன மண்? மண் ரிப்போர்ட்டுல என்ன எழுத்து இருக்கு? மழைநீர்க் குழி எந்த அடுக்கு வரைக்கும் போகுது? பதில் தெரியலன்னு சொன்னா, கையெழுத்துக்கு முன்னாடி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க.

அந்த பாட்டில் டெஸ்டைப் பண்ணிப் பார்த்துட்டு, உங்க தெரு பேரோட போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.