பதிவில் இல்லாத காரணம்
கணினிக் கோளாறு அறிக்கைகளை இப்போது இயந்திரமே எழுதித் தருகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் ‘ஏன்?’ என்று கேட்பது யார்?

திருவனந்தபுரம் மாவட்டத்தில், குமரி எல்லையை ஒட்டிய மலையோரக் கிராமம் அம்பூரி. 2001 நவம்பர் 9 இரவு, கனமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ‘கனமழையால் நிலச்சரிவு’ என்று ஒரே வரியில் அறிக்கையை முடித்துவிடலாம். அதில் பொய் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலச்சரிவுகளை ஆராய்பவர்கள் மழையோடு நிற்பதில்லை. சரிவு எவ்வளவு செங்குத்து, மண் எவ்வளவு ஆழம், பயிருக்காக எந்த ஓடை அடைபட்டது என்று பின்னோக்கிப் போகிறார்கள். அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியது அங்கேதான் தெரியவரும்.

இதே மாவட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் முதல் பெங்களூர், சென்னை வரை, கணினிச் சேவைகளை இரவு பகலாகக் காவல் காக்கும் குழுக்களுக்கும் இந்தப் பின்னோக்கிய பயணம் உண்டு. முடங்கிய சேவையைச் சரிசெய்த பிறகு அவர்கள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றே அதற்குப் பெயர். எச்சரிக்கை எப்போது வந்தது, யார் என்ன செய்தார்கள், பழுது ஏன் வந்தது, மீண்டும் வராமலிருக்க என்ன வழி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது இதன் அடிப்படை. 2016-ல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட நூல் இந்த வழக்கத்தைப் பரவலாக்கியது.

விடிய விடியப் போராடியவருக்கு மறுநாள் இதை எழுதுவது பெரும் சுமை. நூற்றுக்கணக்கான செய்திகளைத் தேடிப் பிடித்து, நிமிட வாரியாக அடுக்க வேண்டும். அதனால்தான் பேஜர்டியூட்டி, ரூட்லி போன்ற நிறுவனங்கள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரைவைத் தாமாகவே தயாரிக்கும் கருவிகளை விற்கின்றன. கால வரிசையைத் தொகுப்பதில் இயந்திரம் சளைப்பதில்லை.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சேவை சுமார் 18 மணி நேரம் முடங்கியது. அன்றிரவுப் பதிவுகளை மட்டும் வைத்து எழுதினால், ‘தவறான சர்வரில் இட்ட கட்டளை’ என்று அறிக்கை கச்சிதமாக முடிந்திருக்கும்.

ஆனால் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்ட அறிக்கை மேலும் தோண்டியது. அன்றாட நகல் எடுக்கும் ஏற்பாடே வேலை செய்யவில்லை. மென்பொருள் பதிப்புகள் பொருந்தவில்லை. நகல் எடுக்க முடியவில்லை என்று எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

வந்துசேராத மின்னஞ்சல் அன்றிரவு யாருடைய உரையாடலிலும் இருந்திருக்காது. ‘நமக்கு ஏன் தெரியாமல் போனது?’ என்று ஒருவர் கேட்டால்தான் அது வெளியே வரும். ஆனால் வழவழப்பான வரைவு ஒன்று மேஜைக்கு வந்துவிட்டால், களைத்த குழு அதில் கையெழுத்திட்டுவிட்டு நகரும் ஆபத்து இருக்கிறது.

வழி எளிது. கால வரிசையை இயந்திரம் தொகுக்கட்டும். காரணம் என்ற பகுதியை வெற்றிடமாக விட்டு, குழு கூடிப் பேசி நிரப்பட்டும். மழை பெய்த நேரத்தைக் கருவி குறித்துவிடும். ஓடை எங்கே அடைபட்டது என்று பார்க்க மனிதர்தான் மலை ஏற வேண்டும்.