பரணில் கிடக்கும் வெளிநாட்டு வீடியோ கேசட்டுகள்: வீசுமுன் கவனிக்க!

பண்டிகைக்கு வீட்டையும் கிடங்கையும் ஒழிக்கும்போது, பரணிலிருந்து பழைய வீடியோ கேசட்டுகள் இறங்காத வணிகர் இல்லம் நம் டெல்டாவில் குறைவு. கடை திறப்பு விழா, புதுக்கணக்குப் பூஜை, பிள்ளைகள் திருமணம் ஆகியவற்றோடு, தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு வந்த அமெரிக்க உறவினர்கள் தங்கள் கேமராவில் எடுத்துக் கொடுத்த கேசட்டுகளும் இருக்கும். அவற்றைப் போட்டுப் பார்த்து, "ஓடவில்லை, கெட்டுவிட்டது" என்று காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். பல கேசட்டுகள் கெடவே இல்லை என்பதை வணிகப் பெருமக்கள் அறிய வேண்டும்.

முன்பு ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தது. ஓர் ஊர் மரக்காலில் அளந்த நெல்லை வேறூர் மரக்காலில் அளந்தால் கணக்கு உதைக்கும். அதற்காக நெல் கெட்டது என்று யாரும் சொன்னதில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவு வந்து நமக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது. வீடியோவில் கடைசிவரை தீரவில்லை.

1982-ல் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது ஏற்கப்பட்டது 'பால்' முறை. படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் கேசட்டுகளும் இதே முறைதான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் 'என்.டி.எஸ்.சி.' முறை. 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இதை நம் முறைக்கு மட்டுமான டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் வராது. காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து வந்தவை 'செகாம்' முறை. அவை நம் டெக்கில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

நம் பகுதி மளிகை வணிகர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் குரல் இருக்கும் ஒரே கேசட்டைக் கணினியில் ஏற்றக் கொடுத்தார். "நிறமே இல்லை, படம் துள்ளுகிறது, டேப் போய்விட்டது" என்று அது திரும்பி வந்தது. அமெரிக்க முறை தெரிந்த வேறொருவரிடம் கொடுத்தபோது, அதே கேசட் முழு நிறத்தோடு வந்தது.

காரணம் இதுதான். இங்கு விற்ற பல டெக்குகள் அமெரிக்க கேசட்டை நம் டி.வி.யில் காட்டும் வசதி கொண்டவை. ஆனால் அவை தருவது இரண்டும் கலந்த ஒரு கலப்பு அலை. டி.வி. அதைச் சமாளிக்கும். கணினியில் பதியும் கருவி பல நேரம் சமாளிக்காது. ஆகவே பதிவு செய்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பெறுவது நலம்:

1. கலப்பில்லாத என்.டி.எஸ்.சி. அலை தரும் டெக் இருக்கிறதா? பதியும் கருவியையும் அதே முறையில் வைப்பாரா?

2. நம் முறைக்கு மாற்ற வேண்டாம், உள்ளபடியே பதிந்தால் போதும். இன்றைய கணினியும் கைப்பேசியும் இரண்டையும் காட்டும். மாற்றினால் தெளிவு குறையலாம்.

3. முதலில் ஒரே கேசட்டில் பத்து நிமிடம் மட்டும் பதிந்து பார்க்கவும். மாதிரி பார்க்காமல் நாம் மூட்டை இறக்குகிறோமா?

4. கேசட்டுகளுக்கு எண் எழுதி ரசீது பெறவும். பதிவை இரு இடங்களில் சேமிக்கவும்.

கேசட்டின் மேலே 'டி-120' என்றிருந்தால் அது அமெரிக்க அளவில் 2 மணி நேர டேப். 'இ-180' என்றால் நம் முறையில் 3 மணி நேரம். ஆனால் இது வெற்று டேப் எங்கே விற்கத் தயாரானது என்பதைத்தான் சொல்லும். பதிந்த முறையை ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

காவிரிக் கரை ஈரத்தில் டேப் மேல் வெண்மையாகப் பூஞ்சணம் பூக்கும். அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் ஹெட் அழுக்கேறும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்கவும். நல்ல கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தட்டை உடைத்துவிட்டால், தவறுதலாக மேலே வேறெதுவும் பதிவாகாது. அமெரிக்காவிலிருந்து டெக் வரவழைத்தால் அது 120 வோல்ட் சாதனமா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகிவிட வேண்டாம்.

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் தேய்ந்துகொண்டே வருகின்றன, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். சரக்கு தீருமுன் கொள்முதல் செய்வது வணிகர் வழக்கம். இதிலும் காலம் தாழ்த்தாமல், இந்த ஆண்டே பரணை ஒருமுறை பார்த்துவிடுவோம்.