நீண்ட சொல்லை எங்கே பிரிப்பது?

'மேட்டுப்பாளையம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை மே, ட், டு, ப், பா, ளை, ய, ம் என எட்டு எழுத்துகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வரும் மாணவர் சிலரிடமும் இந்தத் திணறலைக் காண்கிறேன். அதே சொல்லை மேட்-டுப்-பா-ளை-யம் என்று பிரித்துக் கொடுத்தால் ஐந்தே துண்டுகள்.

இதற்கு விதி ஒன்றுதான். புள்ளி எழுத்து தனித்து நிற்காது. தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேரும். இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே: வாழ்க்-கை, பார்த்-தான். ஒரு துண்டுக்கு ஒரு கைதட்டல் என்று பழக்கலாம். 'வாழ்க்' என்று ஒரே தட்டில் சொல்லிப் பழகிய மாணவர், எழுதும்போது 'வாழ்கை' என ஒற்றை விடுவது குறைகிறது. படிப்பதற்குச் செய்யும் பயிற்சி எழுத்துப்பிழைக்கும் மருந்தாகிறது.

மிக நீண்ட சொல்லென்றால் முதலில் பொருள் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையம் என்பது பெரிய, நாயக்கன், பாளையம் என்ற மூன்று சொற்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒலித்துண்டுகளாக்கினால் பன்னிரண்டு எழுத்துச் சொல்லும் அச்சுறுத்தாது.

உயர்நிலை வகுப்பில் அலகிடுதல் தொடங்கும்போது இந்தப் பயிற்சியே அடித்தளம். ஒற்று முன்னெழுத்தோடு சேரும் என்ற விதி அங்கும் மாறுவதில்லை. புதிதாகச் சேர்வது ஒன்றே: இடமிருந்து வலமாகப் பிரித்து வரும்போது, குறிலை அடுத்து ஒற்று இல்லாமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் அவை இரண்டும் இணைந்து நிரையசை ஆகும். தனிக்குறிலும் தனிநெடிலும், ஒற்றோடு வந்தாலும் ஒற்றின்றி வந்தாலும், நேரசை. தொல்காப்பியம் நேர்பு, நிரைபு என்ற அசைகளையும் கூறுகிறது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழியில் நேர், நிரை என்ற இரண்டே நம் வகுப்புக்குப் போதும்.

வாய்பாடுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், மாணவர் பேருந்துப் பலகையில் பார்க்கும் ஊர்ப்பெயர்களைக் கொடுக்கிறேன். காய்ச்சீர் நான்கும் நம் கொங்குப் பகுதியிலேயே கிடைக்கின்றன:

பொள்/ளாச்/சி – நேர் நேர் நேர் – தேமாங்காய்
அவி/னா/சி – நிரை நேர் நேர் – புளிமாங்காய்
மரு/தம/லை – நிரை நிரை நேர் – கருவிளங்காய்
ஈச்/சனா/ரி – நேர் நிரை நேர் – கூவிளங்காய்

ஒரு வேறுபாட்டை மட்டும் மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாசிப்புக்கு ம-ரு-த-ம-லை என ஐந்து துண்டுகள். யாப்புக்கு மரு/தம/லை என மூன்று அசைகள். இரண்டும் சரியே, நோக்கம்தான் வேறு. இதைச் சொல்லாமல் விட்டால், தொடக்க வகுப்பில் கற்றது தவறோ என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் குழம்புவார்.

உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள பத்து ஊர்ப்பெயர்களை எழுதிப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு அவற்றைக் கைதட்டிப் படிக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு அலகிடட்டும்.