ஜமைக்கா ரம்

ஜமைக்கா ரம் என்பது கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில், கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் பாகை நொதிக்கச் செய்து காய்ச்சி வடிக்கப்படும் மதுபானம் ஆகும். பானை வடிவச் செப்பு வாலையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் பல ஆண்டுகள் முதிரவைக்கப்படும் வகை, அதன் செறிந்த மணத்திற்காக அறியப்படுகிறது. 1753 இல் நிறுவப்பட்ட ஹாம்ப்டன் தோட்டம் இவ்வகைக்குப் புகழ்பெற்றது.

மணத்தின் தோற்றம்

இதன் பழமணம் பெரும்பாலும் நொதித்தலின்போதே உருவாகிறது. மென்மையான ரம்மிற்கு ஓரிரு நாள் நொதித்தல் போதுமானது. ஹாம்ப்டனில் சூழலில் இயல்பாக உள்ள ஈஸ்ட்டுகளைக் கொண்டு அது வாரக்கணக்கில் நடைபெறுகிறது. முந்தைய வடிப்பில் வாலையில் எஞ்சும் 'டண்டர்' என்னும் கழிவுநீரும் சேர்க்கப்படுகிறது. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலங்கள் ஆல்கஹாலுடன் வினைபுரிந்து எஸ்டர்களாகின்றன. இவற்றுள் எத்தில் பியூட்டிரேட் அன்னாசி மணத்தையும், ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழ மணத்தையும், எத்தில் அசிட்டேட் நகப்பூச்சின் நெடியையும் தருகின்றன.

எஸ்டர் அளவு, 100 லிட்டர் தூய ஆல்கஹாலில் உள்ள கிராம் கணக்கில் கூறப்படுகிறது. 'காமன் கிளீன்' வகையில் இது 80 முதல் 150 வரை இருக்கும். ஹாம்ப்டனின் 'டிஓகே' வகையில் 1500 முதல் 1600 வரை இருக்கும். இத்தகைய மிகு செறிவு ரம் நேரடியாகப் பருகுவதற்கன்றி, பிற மதுவகைகளிலும் இனிப்புகளிலும் மணமூட்டவே முதன்மையாக உருவானது.

முதிர்தல்

பீப்பாயிலிருந்து வனிலா மணமும் துவர்ப்பும் ரம்மில் இறங்குகின்றன. ஜமைக்காவின் வெப்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6% ஆவியாகி விடுகிறது. ஸ்காட்லாந்தில் இது ஏறத்தாழ 2% மட்டுமே. இக்கணக்கின்படி ஜமைக்காவில் 12 ஆண்டுகளில் பாதிக்கும் மேல் இழக்கப்படும். எஞ்சுவது செறிவு மிகுந்தது, விலையும் மிகுந்தது.

சுவைத்தல்

ஆல்கஹால் வலிமையும் மணச்செறிவும் ஒன்றல்ல. எஸ்டர் மிகுந்த ரம் 40% ஆல்கஹாலிலும் கடுமையாக மணக்கும். மென்மையான ரம் 60% இருந்தாலும் எரிச்சலையே மிகுதியாகத் தரும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே சுவைத்தலின் நோக்கமாகும்.

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றிச் சில நிமிடங்கள் விடப்படுகிறது. மூக்கைக் குவளைக்குள் நுழைத்தால் ஆல்கஹால் ஆவி நுகர்திறனை மழுங்கச் செய்யும். எனவே சற்றுத் தள்ளி நுகர வேண்டும். முதல் மிடறு நாவைப் பழக்குவதற்கே; சுவை இரண்டாவதில்தான் தெளிவாகும். விழுங்கிய பின்னர், அல்லது துப்பிய பின்னர், மூக்கின் வழியே மூச்சு விடும்போது பழமணங்கள் மீண்டும் தோன்றும்.

அடுத்து நீர் துளித்துளியாகச் சேர்க்கப்படுகிறது. 60% வலிமையுள்ள 30 மில்லிலிட்டர் ரம்முடன் 15 மில்லிலிட்டர் நீர் சேர்த்தால் வலிமை ஏறத்தாழ 40% ஆகும். எரிச்சல் தணிந்தபின் அன்னாசி, வாழைப்பழ மணங்கள் தனித்தனியே புலப்படுமாயின் அவை நொதித்தலின் பயன்; வனிலாவும் துவர்ப்பும் மரத்தின் பயன்.

கருநிறம் முதிர்ச்சிக்குச் சான்றன்று; கேரமல் சேர்த்தும் அந்நிறத்தைப் பெறலாம். புட்டியில் குறிக்கப்படும் வயது, கலவையிலுள்ள மிக இளைய ரம்மின் வயதாகும்.