மலேரியா கிருமியைக் காந்தம் வைத்துப் பிடிக்கிறார்கள்... ஆய்வகத்துக்குள் நடப்பது என்ன?

ரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால், விரல் நுனியில் ஒரு காந்தத்தை வைத்தால் ரத்தம் அந்தப் பக்கமாக ஓடி வருமா?

வராது. பெரியவர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் இழுக்காது. மிக லேசாக விலக்கவே செய்யும். லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1936-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். காந்த வளையல் விற்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை!

ஆனால், மலேரியா கிருமி குடியேறிய சிவப்பணு காந்தத்தில் ஒட்டும். அதுவும் எல்லாம் ஒட்டாது. உள்ளே இருக்கும் கிருமி ஓரளவு வளர்ந்திருந்தால்தான் ஒட்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க மலேரியா ஆய்வகங்களில் நோயுள்ள அணுவையும் நல்ல அணுவையும் பிரிக்கிறார்கள்.

தின்றுவிட்டு முள்ளை ஒதுக்கும் கிருமி

மலேரியாவில் உயிரைப் பறிப்பதில் முதலிடம் 'பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம்' என்ற ஒட்டுண்ணிக்கு. கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே பெருகி, பிறகு சிவப்பணுவுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அதற்குச் சாப்பாடு ஹீமோகுளோபின். பாதிக்கு மேல் தின்று தீர்த்துவிடும்.

இதில் அதற்கு ஒரு சிக்கல். ஹீமோகுளோபினின் புரதம்தான் அதற்கு உணவு. மிச்சமாகும் 'ஹீம்' என்ற இரும்புப் பகுதி கிருமிக்கே விஷம். எனவே, மீனைத் தின்றுவிட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதுபோல, அந்த ஹீமையெல்லாம் சேர்த்துக் கட்டிப் படிகமாக்கி ஓரமாக வைத்துவிடுகிறது. கறுப்பு கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும் இந்தப் படிகத்துக்கு 'ஹீமோசோயின்' என்று பெயர். இதில் உள்ள இரும்பின் நிலை மாறிவிடுவதால் காந்தம் இதை இழுக்கிறது.

நம் ஊரில் பல காலம் மலேரியாவுக்குக் கொடுத்துவந்த குளோரோகுயின் மாத்திரை வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். அது ஹீம் படிகமாவதைத் தடுத்துவிடும். முள்ளை ஒதுக்க முடியாத கிருமி, முள் குத்தியே சாகும்.

இந்தக் கறுப்புத் துகளுக்கு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் 1897-ல் ஊட்டியை அடுத்த சீகூர் மலைப்பகுதிக்கு மலேரியாவை ஆராயப் போய், தானே மலேரியாவில் படுத்தார். தேறி எழுந்து செகந்திராபாத் சென்றவர், ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். கூலி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா! ஆகஸ்ட் 20-ம் தேதி அந்தக் கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் வட்டமான செல்கள். அவற்றுக்குள் அதே கறுப்புத் துகள். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று காட்டிக்கொடுத்தது இந்தத் துகள்தான். ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மெழுகுவத்தி ஏற்றி வளர்த்தார்கள்

ஒரு கிருமியை ஆராய வேண்டுமென்றால் அதை உடம்புக்கு வெளியே வளர்க்கத் தெரிய வேண்டும். ஃபால்சிபாரம் பல வருடங்கள் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 1976-ல்தான் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் சாதித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவியைக் கேட்டால் சிரிப்பு வரும். மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி, உள்ளே எரியும் ஒரு மெழுகுவத்தி. மூடியை மூடினால் மெழுகுவத்தி ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிவிட்டு அணைந்துவிடும். அந்தக் காற்றுதான் கிருமிக்குப் பிடித்திருந்தது.

இன்றும் அடிப்படை அதேதான். மனித சிவப்பணுக்கள், ஊட்டச்சத்து திரவம், 37 டிகிரி வெப்பம், ஆக்சிஜன் குறைந்த காற்று. தினமும் திரவத்தை மாற்ற வேண்டும். பண்டிகை, ஞாயிற்றுக்கிழமை என்று கிருமிக்கு எதுவும் கிடையாது. உலகம் முழுக்க அதிகம் வளர்க்கப்படும் '3டி7' என்ற வகையின் மூலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நெதர்லாந்தைவிட்டு வெளியே போகாத ஒருவரிடமிருந்து! அவர் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். கொசு விமானத்தில் வந்திருக்கிறது.

ஸ்டீல் நாரும் காந்தமும்

வளர்ப்பதில் இன்னொரு தொல்லை. தட்டில் இருக்கும் சிவப்பணுக்களில் நூற்றுக்கு ஐந்தில்தான் கிருமி இருக்கும், மற்றவை காலி. அந்த ஐந்திலும் ஒன்று இப்போதுதான் நுழைந்த குட்டிக் கிருமி, இன்னொன்று வெடிக்கத் தயாராக இருக்கும் முதிர்ந்த கிருமி. ஃபால்சிபாரத்தின் ஒரு சுற்று 48 மணி நேரம். சுற்று முடிந்ததும் அணு வெடித்து, 16 முதல் 32 புதிய கிருமிகள் வெளியே வரும்.

இங்கேதான் காந்தம் வருகிறது. சிரிஞ்சு அளவிலான ஒரு குழாய்க்குள், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் போன்ற இழைகளையோ பொடி இரும்பு மணிகளையோ அடைத்து, வலுவான காந்தத்துக்கு நடுவே நிறுத்துகிறார்கள். மேலிருந்து ரத்த அணுக்கள் கலந்த திரவத்தை மெதுவாக ஊற்றினால், காலி அணுக்களும் குட்டிக் கிருமி உள்ள அணுக்களும் வழுக்கிக் கீழே போய்விடும். வயிற்றில் கறுப்புப் படிகம் சேர்ந்த முதிர்ந்த கிருமிகள் மட்டும் இழைகளில் ஒட்டி நிற்கும். பிறகு காந்தத்திலிருந்து குழாயை எடுத்துவிட்டுத் திரவத்தை ஊற்ற, ஒட்டியிருந்தவை உயிரோடு வந்து விழும். நூற்றுக்கு ஐந்தாக இருந்தது இப்போது தொண்ணூறுக்கும் மேல்! பிரிட்டன் ஆய்வாளர்கள் 1981-ல் 'லான்செட்' இதழில் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள்.

சரி, குட்டிக் கிருமிகள் மட்டும் வேண்டுமென்றால்? அதற்கு சர்க்கரை. சர்க்கரை சேர்க்காத சூயிங் கம்மில் இனிப்புக்காகப் போடுகிறார்களே, அந்த சார்பிட்டால்தான். முதிர்ந்த கிருமி, தான் இருக்கும் அணுவின் சுவரில் புதிய துளைகளைத் திறந்து வைத்திருக்கும். அதன் வழியாக சார்பிட்டால் உள்ளே போக, பின்னாலேயே தண்ணீரும் போய், அணு ஊதி வெடித்துவிடும். காலி அணுக்களுக்கும் குட்டிகளுக்கும் எதுவும் ஆகாது. 1979-ல் வெளியான இந்த முறையை இன்றும் மாற்றத் தேவை வரவில்லை.

மருந்து இன்னும் வேலை செய்கிறதா?

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் பிரிக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 26.3 கோடி பேருக்கு மலேரியா, 5,97,000 மரணங்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இன்று அவர்களைக் காப்பாற்றுவது ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள். சீனாவின் டூ யூயூவுக்கு 2015-ல் நோபல் வாங்கித் தந்தது இந்த மருந்துதான். ஆனால் கம்போடியாவில் சில கிருமிகள் இதற்கு மெதுவாகவே மடிகின்றன என்று 2009-ல் தெரியவந்தது. பிறகு ருவாண்டா, உகாண்டாவிலும் அந்தப் போக்கு தெரிந்தது.

இந்தக் கிருமிகள் தப்பிப்பது குட்டிப் பருவத்தில்தான். முதிர்ந்ததும் குட்டியும் கலந்து கிடக்கும் தட்டில் மருந்தைப் போட்டால் எதுவும் புரியாது. எனவே, முதலில் முதிர்ந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, புது ரத்த அணுக்களோடு 3 மணி நேரம் விடுகிறார்கள். பிறகு சார்பிட்டாலால் முதிர்ந்தவற்றை ஒழிக்கிறார்கள். மிஞ்சுவது 3 மணி நேரத்துக்கு உட்பட்ட குட்டிகள் மட்டுமே. அவற்றுக்கு 6 மணி நேரம் மருந்து. கழுவிவிட்டு 66 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்க்கிறார்கள். 1 சதவிகிதத்துக்கு மேல் பிழைத்திருந்தால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு எளிதாக இருந்தால் நோயாளியின் ரத்தத்தையே காந்தத்தில் ஓட்டிப் பார்த்து மலேரியாவைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். ஃபால்சிபாரத்தில் அது சிரமம். முதிர்ந்த கிருமி உள்ள அணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில், சில நேரம் மூளைக்குள்ளும்கூட, ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். விரலைக் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டிகள்தான் கிடைக்கும். அவை காந்தத்துக்குச் சிக்காது.

சென்னை சொல்லும் கதை வேறு

சென்னைக்குப் பழக்கமான மலேரியா பெரும்பாலும் 'வைவாக்ஸ்' வகை. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் 'அனாபிலஸ் ஸ்டீஃபன்சி' கொசு பரப்புவது. ஆளைக் கொல்வது குறைவு. ஆனால் கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தாமல் 14 நாளும் பிரிமாகுயின் சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

வைவாக்ஸின் எல்லாப் பருவமும் ரத்தத்தில் சுற்றுவதால் காந்தத்துக்கு நன்றாகவே சிக்கும். சிக்கல் வேறு இடத்தில். இது நுழைவது இளம் சிவப்பணுக்களில் மட்டும். நம் ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அதனால் டிரேகரும் ஜென்சனும் ஃபால்சிபாரத்தை வளர்த்ததுபோல இதைத் தொடர்ந்து ஆய்வகத்தில் வளர்க்கும் நம்பகமான வழி இன்னும் அமையவில்லை. ஒவ்வொரு முறையும் நோயாளி ஒருவர் சம்மதித்துத் தரும் ரத்தம்தான் மூலப்பொருள். அது கிடைத்ததும் மணிக்கணக்கில் வேலை முடிந்தாக வேண்டும். முதலில் செல்லுலோஸ் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றி வெள்ளை அணுக்களை வடிகட்டுகிறார்கள். இல்லையென்றால், கிருமியின் மரபணுவைப்போல நூறு மடங்குக்கும் மேல் பெரிதான மனித மரபணுவே பரிசோதனையை நிரப்பிவிடும். அதன் பிறகுதான் காந்தக் குழாய்க்கு வேலை.