கல்லான பருப்பு

தோல் நீக்காத மைசூர்ப் பருப்பைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வட்டமாய், நடுவில் சற்றே புடைத்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். எகிப்து தேசத்தில், கீஸா பிரமிடுகளின் அடியில், அச்சாக அதே வடிவத்தில் கற்கள் குவிந்து கிடக்கக் கண்டார் ஸ்ட்ராபோ என்ற கிரேக்க யாத்திரிகர். இது நடந்தது ஏறக்குறைய கி.மு. 25-இல். (பாண்டியன் என்ற அரசனிடமிருந்து ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸுக்குப் பரிசுகள் வந்ததை எழுதி வைத்தவரும் இவரேதான்.)

பிரமிடு கட்டிய வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த பருப்புதான் கல்லாகிவிட்டது என்று அங்கே சொன்னார்களாம். இதைக் குறித்துக்கொண்ட கையோடு, தம் சொந்த நாட்டிலும் இப்படிப் பருப்புக் கற்கள் நிறைந்த குன்று ஒன்று உண்டு என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அந்தக் குன்றில் யாரும் பிரமிடு கட்டவில்லை!

பின், அது என்ன கல்? ஒரு பிராணியின் ஓடு. அதுவும் எப்படிப்பட்ட பிராணி! வாய் இல்லை, வயிறு இல்லை, கண் இல்லை. உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல். நுமுலைட் என்று அதற்குப் பெயர். கீஸா ரகம் கடலில் வாழ்ந்து மறைந்து சுமார் 4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் ஓடுகள் கடலடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. அந்தப் பாறையை வெட்டித்தான் பிரமிடு கட்டினார்கள். நம் நாட்டில் கட்ச் பிரதேசத்திலும் நுமுலைட்டுகள் ஏராளம்.

இந்த ஒற்றைச் செல் பிராணியை எந்தக் குலத்தில் சேர்ப்பது என்பதில் விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓடு உள்ளே சுருள் சுருளாக, அறை அறையாக இருக்கிறது. நாட்டிலஸ் என்ற கடல் பிராணியின் ஓடும் அப்படித்தான். ஆகவே 1775-இல் வெளிவந்த ஃபோர்ஸ்கால் என்பவரின் நூல் கீஸா ரகத்தை நாட்டிலஸ் என்றே குறித்தது. பிரெஞ்சுக்காரரான அல்சீத் தோர்பினி 1826-இல் இந்த இனம் முழுவதையும் வெகு அழகாக வகைப்படுத்தினார். ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் இருக்கும் கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்! 1835-இல் துஜார்தன் என்பவர் உயிருள்ள உறவுப் பிராணிகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கையுமில்லை, காலுமில்லை, கூழ் போன்ற ஒரு பொருள்தான் மெல்லிய இழைகளாக நீண்டது. கணவாய் உறவு அத்தோடு முறிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. நுமுலைட் கிடைக்கும் பாறைகளில், பல இடங்களில் பெரிதும் சிறிதுமாக இரண்டு ரகங்கள் சேர்ந்தே கிடைத்தன. கீஸாவில் பெரியது நம் ஒரு ரூபாய் நாணயத்தையும் மிஞ்சும், சிறியது பருப்பளவுதான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துத் தனித்தனி இனமாக்கி விட்டார்கள். ஆனால் போகுமிடமெல்லாம் இப்படி ஜோடி ஜோடியாக அகப்பட்டால் சந்தேகம் வராதா?

1880-இல் முனியே ஷால்மா என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், ஜோடி இரண்டும் ஒரே இனம் என்று சொன்னார். நடுவே பிளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரிய ஓட்டின் முதல் அறை கண்ணுக்கே அகப்படாத அளவு சிறியது. சிறிய ஓட்டின் முதல் அறையோ பெரியது. சரி, ஒரே இனம் என்பதற்கு என்ன அத்தாட்சி? செத்துக் கல்லானது குட்டி போட்டுக் காட்டுமா?

அத்தாட்சி, உயிரோடிருக்கும் உறவினரிடமிருந்து வந்தது. லிஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1895-இல் அப்படி ஒரு பிராணியின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். சிறிய முதல் அறை கொண்ட தாய், தன் உடம்பையே பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குழந்தை. பிறக்கும்போதே கொழுகொழுவென்று இருப்பதால் அதன் முதல் அறை பெரிது. அந்தக் குழந்தை வளர்ந்து நுண்ணிய வித்துக்களை வெளிவிடும். இரண்டு வித்து கூடி உண்டாகும் உயிர் மிகப் பொடியானது. ஆகவே முதல் அறையும் பொடி. 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்ற பழமொழி இங்கே செல்லாது. பேத்தி பாட்டியைக் கொண்டு பிறக்கிறாள்!

இரண்டு பெயரில் எதை வைத்துக்கொள்வது? முதலில் சூட்டியதே நிற்கும் என்பது சட்டம். 1792-இல் பெயர் பெற்ற 'லேவிகேட்டஸ்' என்ற பெரிய ரகத்தின் ஜோடிதான், 1853-இல் விஞ்ஞானி லமார்க்கின் நினைவாக 'லமார்க்கி' என்று பெயரிட்ட சிறிய ரகம். நுமுலைட் என்ற பெயரையே 1801-இல் சூட்டியவர் லமார்க். பாவம், அவர் பெயர்தான் அடிபட்டுப் போயிற்று!

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? லிபியா, துனீஷியா கடலடியில் நுமுலைட் பாறைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. எந்த ரகம் அகப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் பாறையின் வயதைக் கணிக்கிறார்கள். துளையிடும்போது மேலே வரும் கல் துணுக்கில் பெரிய ஓடு நொறுங்கியிருக்கும். சிறியது முழுசாக அகப்படலாம். இது இன்னாருடைய பேத்தி என்று தெரியாவிட்டால், ஒரே பாறையை இரண்டாகக் கணக்குப் பண்ண வேண்டியதுதான்.

இனம் பிரிக்கும் வேலைக்கு இன்றும் முதல் அறையைத்தான் தேடுகிறார்கள். எக்ஸ்ரே கொண்டு உடைக்காமலே உள்ளே பார்க்கும் வசதி வந்துவிட்டது. பழைய முறை வெகு சுலபம்: ஓட்டை நெருப்பில் சுடவைத்து, சட்டென்று குளிர்ந்த நீரில் போடுவது. நடுவாக இரண்டாய்ப் பிளந்துகொள்ளும், உடைத்த பருப்பு மாதிரி.

நுமுலைட் என்றால் லத்தீனில் சின்னக் காசு என்று பொருள். கீஸாவில் காசு போல் கிடப்பது பெரியது. பருப்பு போல் கிடப்பது பெரும்பாலும் அதன் மகளோ, தாயோ!